யார் கையும் போதும்

கத்தார்க் கடலில் ஓர் எண்ணெய் மேடை.
அங்கே என் வேலை கையசைப்பது.
உயரத்துக் கூண்டில் கிரேன்காரன் இருப்பான்,
கீழே சரக்குக் கப்பல் ஏறி இறங்கி ஆடும்,
நடுவில் நான், மஞ்சள் சட்டை, பச்சைக் கையுறை.
சுட்டுவிரல் வானத்தைக் கடைந்தால் தூக்கு,
தரையைக் கடைந்தால் இறக்கு,
இரு கையும் கோத்தால் அப்படியே பிடித்து நில்.
ஒரு நேரத்தில் ஒரு கைக்குத்தான்
அவன் கட்டுப்பட வேண்டும்.
சமையற்காரன் காட்டினால் தூக்கக் கூடாது,
மேலாளர் காட்டினாலும்.
ஒன்றே ஒன்றுக்கு மட்டும் யார் கையும் போதும்:
நிறுத்து.

இருபத்தெட்டு நாள் விடுப்பில் இது பதினொன்றாம் நாள்.
சாளை வாங்க அஜிதா அனுப்பியிருந்தாள்.
இரையுமன்துறைக் கரையில்
கடலுக்குக் கல் போட்டுக்கொண்டிருந்தார்கள்,
நாலுகால் கான்கிரீட், ஒவ்வொன்றும் எட்டு டன்.
குருசடிக்கு முன்னால் கிரேன்.
குருசில் அவர், இரு கையும் விரித்து
அவசர நிறுத்தம் காட்டிக்கொண்டே இருக்கிறார்
என் பிறப்புக்கு முன்பிருந்து.
கடல் கேட்டபாடில்லை.
போன ஆடியில் ஏழு வீடு.

நான் வேடிக்கை பார்க்கவில்லை.
கண் பழகியதைச் செய்தது:
கிரேனின் இடது பாதத்துக்கடியில் இரும்புத் தகடில்லை,
ஈர மணல்.
காற்று பார்க்கக் கருவியில்லை,
சோழக்காற்றில் என் கைலி காலோடு ஒட்டியது,
அது ஒரு கணக்கு.
தொங்கும் கல்லின் நிழலில்
வலை பின்னும் இரண்டு பேர்.
கல் நகர நிழல் நகர,
எழுந்து எழுந்து தள்ளிப் படுத்தது ஒரு நாய்.

ததேயு இரண்டு அடிதான் வைத்தான்,
விழுந்த கையுறையை எடுக்க.
கன்டெய்னர் மேலே நின்றது, கப்பல் கீழே போனது,
பிறகு கப்பல் மேலே வந்தது.
விசாரணை அறிக்கை நாற்பத்தொரு பக்கம்.
அதில் ததேயு இல்லை.
‘பணியாளர் அ’ என்று ஒருவர் இருக்கிறார்.
ஆறாம் பக்கத்தில் ஒரு வரி:
கையுறை புதியது.

அப்போதுதான் பெல்ட்டைப் பார்த்தேன்.
ஓரம் பிய்ந்த நைலான்,
பிய்ந்த இடத்தில் மடிவலைக் கயிறால் ஒரு முடிச்சு.
முடிச்சு நல்ல முடிச்சு, எங்கள் ஊர் முடிச்சு,
எட்டு டன்னுக்கானது அல்ல.

மீன்பையோடு இரண்டு கையையும் விரித்தேன்.

கூண்டிலிருந்த பையன் எந்த ஊரோ,
ஜார்க்கண்டோ ஒடிசாவோ,
என் முகம் அவனுக்குத் தெரியாது,
மஞ்சள் சட்டையும் இல்லை எனக்கு.
கல் நின்றது.
ஆடியது, நின்றது.

“நீரு யாரு ஓய்?” என்றார் கான்ட்ராக்டரின் ஆள்.
யாருமில்லை என்றேன்.
விதிப்படி அது சரியான பதில்.
அவர் அதை விதியாகக் கேட்கவில்லை,
கள்ளு வாசனை வருகிறதா என்று கிட்டே வந்து பார்த்தார்.
வலைக்காரர்களில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்,
பிறகு பெல்ட்டைப் பார்த்தார்,
பிறகு வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்.
கல்லை மெதுவாக இறக்கினான் பையன்.

பெல்ட் அறுந்திருக்குமா?
தெரியாது.
அறுந்திருந்தால் தெரிந்திருக்கும்.
மதியத்துக்குமேல் வேறு பெல்ட் வந்தது,
அதுவும் பழசுதான், முடிச்சில்லாத பழசு.
தகடு வரவில்லை. மரப்பலகை போட்டார்கள்.
பையிலிருந்து சிதறியதில் ஐந்தை நாய் தின்றது.
“நூறு ரூபாய்க்கு இவ்வளவுதானா?” என்று அஜிதா
இரண்டு முறை எண்ணினாள்.

சாயங்காலம் டீக்கடையில் அந்தப் பையன்.
அவன் பாஷை எனக்கு வராது,
என்னுடையது அவனுக்கு.
காலிக் கிளாசைப் பக்கத்தில் வைத்து
என்னைப் பார்த்துக்கொண்டே
சுட்டுவிரலை வானத்தில் சுழற்றினான்.
கடைக்காரருக்குப் புரியவில்லை.
நான் சொன்னேன்:
இன்னும் ரெண்டு டீ.